சோத்துக்கையும் சத்திரக் கத்தியும்

சத்திரசிகிச்சை நிபுணர் ஆவதற்கு இந்த நாட்டில் என்னென்ன படிகள் ஏற வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் தேவைக்கு அதிகமாகவே பதில் சொல்லிவிடுவேன். முதலில் உயர்தரப் பரீட்சை. கண்டி மாவட்டத்துப் பிள்ளைக்குக் கேட்கும் புள்ளி கொஞ்சநஞ்சமல்ல. பிறகு மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம், அது முடிய ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு அரசாங்கம் போட்ட இடத்தில் வேலை. வேலைக்கிடையில் பட்டப்பின் படிப்பின் முதலாம் பாகம். அதில் தேறினால் ஒரு நிபுணரின் கீழ் ரெஜிஸ்ட்ராராக, அதாவது அவரிடம் பயிலும் டொக்டராக, சில வருடங்கள். அந்த நிபுணர் “இவர் போதும்” என்று எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாம் பாகத்துக்கு உட்கார விடுவார்கள். அதற்குப் பிறகும் சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் ஒரு பயிற்சிக் காலம், திரும்பி வந்து நியமனத்துக்குக் காத்திருப்பு என்று பாதை நீளும். எனக்கு அந்த மிச்சப் பாதை கேள்வி ஞானம்தான். நான் இரண்டாம் பாகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.

எதையும் காலவரிசையில் வைத்துப் பார்ப்பது என் சுபாவம். கண்டி நூலகத்தில் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்திருக்கிறேன். மயக்க மருந்து வருவதற்கு முன்பு, கட்டிப் போட்ட நோயாளி கதறக் கதற வெட்டிய காலத்தைப் பற்றியும் வாசித்தேன். வெட்டுபவனின் கையைப் பார்த்துக்கொண்டே நோயாளி கிடந்த காலம் அது. அந்தச் செய்தியை அப்போது ஒரு பழைய விசயமாகத்தான் வாசித்தேன்.

என் கதையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குப் பேச்சு வந்த வயதில் தொடங்க வேண்டும். அப்பாவுக்குக் கண்டி நகரத்தில் ஒரு பலசரக்குக் கடை. அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து வந்து போட்டது. காலையில் முதல் வியாபாரத்தை எந்தக் கை வாங்குகிறதோ அந்தக் கையின் ராசிதான் அன்றைக்கு என்பது அப்பாவின் கொள்கை. அவரிடம் சாமான் வாங்க வந்தவர்களும் அதே கொள்கைக்காரர்கள். அப்படிப்பட்ட வீட்டில் நான் இடக்கைக்காரனாகப் பிறந்தேன். கரண்டி, பென்சில், பந்து, எல்லாவற்றுக்கும் என் இடது கைதான் முதலில் போகும்.

அம்மா அடிக்கவில்லை. அவருக்கு அடிக்க வராது. என் முழுக்கைச் சட்டைகளின் இடது கையை, விரல் வெளியே வராதபடி, நுனியில் நூல் போட்டுத் தைத்துவிட்டார். சாப்பிடும்போதும் எழுதிப் பழகும்போதும் அந்தச் சட்டையைத்தான் போட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் வலது கையால் எழுதவும் சாப்பிடவும் பழகியிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா அதை ஒரு வைத்தியம் பலித்தது போலச் சொல்லுவார். ஆனால் யாரும் பார்க்காத வேலைகள் எல்லாம் இடது கையிடமே இருந்தன. போத்தல் மூடி திறப்பது, சட்டைப் பொத்தான், பூட்டு, நூல் முடிச்சு அவிழ்ப்பது. ஆள் பார்த்தால் வலது, ஆள் பார்க்காவிட்டால் இடது. நான் அப்படி ஆகிவிட்டது எனக்கே தெரியாது.

உயர்தரத்தில் போதிய புள்ளி கிடைத்தபோது பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. எண்பதுகளின் கடைசி அது. சுவரொட்டிகளும் ஊரடங்கும் எரிந்த பஸ்களும்தான் அன்றைய பாடத்திட்டம். கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக் கொடுத்தபடி காத்திருந்தேன். என்னோடு தேறியவர்கள் சிலர் வெளிநாடு போனார்கள். பீடம் திறந்து நாங்கள் பேராதனைக்குள் காலடி வைத்தபோது தொண்ணூறுகள் பிறந்துவிட்டிருந்தன. இந்தத் துறையில் பிந்தித் தொடங்கியவனுக்குத் தவறு செய்து திருந்துவதற்குக் காலம் குறைவு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உடற்கூறு மண்டபத்தில் முதல்நாள் கத்தியைக் கொடுத்தார்கள். நான் எந்த யோசனையும் இல்லாமல் இடது கையில் பிடித்து, சவத்தின் தோள்பட்டையில் கீறினேன். கோடு நேராக வந்தது. பக்கத்தில் நின்றவன் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த முஸ்லிம் நண்பன்.

“என்னடா மச்சான், பீச்சாங்கையால வெட்டுற? மையத்து கோவிக்காதுன்னு நெனச்சியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கத்தியை வலது கைக்கு மாற்றினேன். அடுத்த கோடு கோணலாகப் போனது.

“இப்ப கோவிச்சிட்டுது,” என்றான் அவன்.

‘பீச்சாங்கை’ என்ற பட்டப்பெயர் இறுதியாண்டு வரை கூட வந்தது. அது எனக்கு வருத்தமாக இல்லை. சத்திரசிகிச்சை தவிர வேறொன்றும் படிக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்ததும் அந்த மண்டபத்தில்தான். உடம்பின் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்தபோது, ஒழுங்காக அடுக்கிய ஒரு நூலகத்துக்குள் நுழைந்தவன் போல எனக்கு இருந்தது. மாத்திரை எழுதும் வைத்தியம் எனக்கு அதன் பிறகு ருசிக்கவில்லை.

பரீட்சைகளை விவரித்து யாரையும் களைப்படையச் செய்ய மாட்டேன். முதலாம் பாகத்தில் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். ரெஜிஸ்ட்ராராக, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆஸ்பத்திரியில், யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு நிபுணரின் கீழ் என்னைப் போட்டார்கள். அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தைகளை மறக்கவில்லை.

“ஐசே, நான் படிப்பிக்கமாட்டன். நீர் செய்யுறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். எண்டைக்கு உம்மை மேசையில விட்டிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போறனோ, அண்டைக்கு நீர் சர்ஜன். விளங்கிச்சோ?”

“விளங்கிச்சு சேர்.”

“ரண்டு வருசமா முந்தின ரெஜிஸ்ட்ராரோட நிண்டு எனக்குத் தேத்தண்ணி மறந்துபோச்சு.”

சத்திரசிகிச்சைக் கருவிகள் வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஊசியைப் பிடிக்கும் இடுக்கியின் பற்கள் வலது பெருவிரல் தள்ளும் பக்கமாகவே திறக்கும். இடது கையால் திறக்க விரலை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். நிற்கும் இடமும் அப்படித்தான். வயிற்றைத் திறக்கிறவர் நோயாளியின் வலப்பக்கம் நிற்பது வழக்கம். கருவி எடுத்துக் கொடுக்கும் தாதி அதற்கேற்ப எதிரே நிற்பார். இடது கையால் செய்பவர் பக்கம் மாறி நின்றால் சத்திரசிகிச்சைத் தியேட்டர் முழுவதும் இடம் மாற வேண்டும்.

அங்கே இருந்த தாதி ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து படித்து வந்தவர். வாயும் கையும் ஒரே வேகம். நான் இடது கையை நீட்டினால் கருவியை வைக்க மாட்டார்.

“சார், சோத்துக்கைய நீட்டுங்க.”

“இந்தக் கையில வைங்க, சிஸ்டர்.”

“பெரிய ஆளுக்கு எடது கையில எப்புடிக் குடுக்கிறது? எங்கம்மா கேட்டா வெளக்கமாத்த எடுக்கும்.”

வலது கையை நீட்டுவேன். வாங்குவேன். பிறகு இடது கைக்கு மாற்றிக்கொள்வேன். ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு தடவை. நிபுணர் இதைச் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கைகழுவும் தொட்டியருகே நிறுத்தினார். இது நடந்தது மார்ச் மாதம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். தவறு. ஏப்ரல்தான். சித்திரை வருடப் பிறப்புக்காக வார்ட்டில் பாதிக் கட்டில்கள் காலியாக இருந்தது ஞாபகம் வருகிறது.

“இடக்கைச் சர்ஜன்மாரை நான் இங்கிலாந்தில கண்டிருக்கிறன்,” என்றார். “நல்லாச் செய்வினம். நீர் இடக்கையும் இல்லை, வலக்கையும் இல்லை. ஒண்டைப் பிடியும்.”

“இடது, சேர்.”

“அப்ப இடது. தாதிக்கு நான் சொல்லுறன். இனிமேல் மாத்தப்படாது. கை மாத்துற நேரத்தில மூளை நிண்டுபோகுது. உமக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது.”

அடுத்த சில மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நான் நம்பிக்கையோடு இருந்த காலம். முடிச்சுப் பழகுவதற்காக வாடகை அறையின் கதிரைக் கையில் பட்டு நூலைக் கட்டிக் கட்டி, கதிரையே நூலால் வேய்ந்தது போல ஆகிவிட்டது. வாழைப்பழத் தோலில் தையல் போட்டேன். குடலிறக்கம், குடல்வால், சீழ்க்கட்டி எல்லாம் இடது கையால் ஒழுங்காகப் போயின. தாதி கருவியை இடது கையில் வைக்கும்போதெல்லாம் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். அது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சிக்கல் விழித்திருக்கும் நோயாளிகளிடம் இருந்தது. சின்னச் சத்திரசிகிச்சைகளுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வோம். ஆள் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஒரு கங்காணியின் முதுகில் கொழுப்புக் கட்டி. கண்ணாடி அலுமாரியின் கதவில் என் கை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“டொக்டரய்யா, கோவிக்காதீங்க. எடது கையால கத்திய எடுக்கிறீங்களே.”

“எனக்கு அதுதாங்க பழக்கம்.”

“பழக்கம் சரிங்க. வீட்டுல வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நல்ல காரியம். சோத்துக்கையால தொடங்கிக் குடுங்க. அப்புறம் எந்தக் கையால வேணும்னாலும் கிழிங்க.”

அவர் கேலி செய்யவில்லை. கெஞ்சினார். நான் முதல் கீறலை வலது கையால் போட்டேன். அது என்ன பெரிய விசயம், ஒரு கீறல்தானே என்று நினைத்தேன். அதன் பிறகு விழித்திருக்கும் நோயாளி தமிழராக இருந்தால், அவர் கேட்கும் முன்பே என் கை மாறத் தொடங்கிவிட்டது. சிங்களவரிடமும் சில சமயம் மாறியது. நிபுணர் இந்தச் சின்ன வேலைகளுக்கு வருவதில்லை. அதனால் அவர் பார்க்கவில்லை.

போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி திறந்த ஆண்டு. நிபுணர் பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். அவர் அவ்வளவு சாந்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரஹரா ஊர்வலம் முடிந்து நகரம் ஓய்ந்த வாரம், செவ்வாய்க்கிழமை. பித்தப்பையில் கல்லோடு ஒருவர் பட்டியலில் இருந்தார். நகரத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர். அப்பாவின் கடைக்கு முப்பது வருடமாக வருகிறவர். தள்ளுகட்டிலில் தியேட்டர் வாசலுக்கு வந்ததும் என்னைக் கண்டுகொண்டார்.

“தம்பியா வெட்டப் போறது? அப்ப பயமில்ல. ஒங்க அப்பா கையில மொத வியாபாரம் பண்ணுனா அன்னைக்கு எனக்கு ஓட்டந்தான். அந்தக் கைராசி ஒங்களுக்கும் இருக்கும். சோத்துக்கையால நல்லபடியா செஞ்சிருங்க, தம்பி.”

“சரிங்க மாமா,” என்றேன்.

அவரை மயக்கினார்கள். வயிற்றைத் திறந்தேன். எதிரே உள்ளகப் பயிற்சி டொக்டர் ஒருத்தி ஈரலை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். பித்தப்பைக்குப் போகும் குழாயையும் சின்ன இரத்த நாடியையும் இடது கையால் பிரித்தெடுத்தேன். சுத்தமாக வந்தது. நிபுணர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு முகமூடிக்குள் ஏதோ முனகினார்.

“கட்டிறது மட்டுந்தானே. கட்டும். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

கதவு மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தாதி என்னைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்ணில் சிரிப்பு இருந்தது. அவருக்கும் அந்தத் தேநீரின் கதை தெரியும்.

நாடியைச் சுற்றி நூலை எடுத்தேன். முதல் முடிச்சு இறங்கியது. இரண்டாவது முடிச்சை இறக்கும்போது, வாசலில் கிடந்த மனிதருக்கு நான் சொன்ன “சரிங்க மாமா” ஞாபகம் வந்தது. அவர் மயக்கத்தில் கிடக்கிறார் என்பது தெரியும். ஆனாலும் நூல் என் வலது கைக்குப் போயிருந்தது. நான் மாற்றினேன் என்று சொல்ல முடியாது. பார்த்தபோது அங்கே இருந்தது. வலது கை இழுத்த இழுப்பில் முடிச்சு சரியாக உட்காரவில்லை. எனக்கு அது தெரியவில்லை. நாடியை வெட்டினேன்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் நழுவி, குழி முழுக்க இரத்தம் ஏறியது. எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியைப் போடக்கூடாது, பித்தக் குழாயையே நசுக்கிவிடுவோம் என்று நான் நூறு தடவை வாசித்திருக்கிறேன். வாசித்தது இருந்தது. கைகள் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன.

“சார்!” என்றார் தாதி. பிறகு என்னைக் கேட்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினார். “பெரிய சார்! வாங்க!”

நிபுணர் கையுறை மட்டும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேலங்கி கட்ட நிற்கவில்லை. விரல்களை உள்ளே விட்டு, ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிப் பிடித்தார். உறிஞ்சச் சொன்னார். குழி வெளித்தது. நாடியின் நுனியைப் பிடித்துக் கட்டினார். சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சத்தையும் அவரே செய்தார். நான் எதிர்ப்பக்கம் போய் ஈரலை ஒதுக்கிப் பிடித்தேன். உள்ளகப் பயிற்சி டொக்டர் எனக்கு இடம் விட்டு விலகிக்கொண்டாள்.

அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. குளுக்கோஸ் கழற்றிய அன்றே கட்டிலில் உட்கார்ந்து, “தம்பி கையாச்சே,” என்று பக்கத்துக் கட்டிலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிபுணர் என்னை வெள்ளிக்கிழமை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏன் ஐசே கை மாத்தினீர்?”

நடந்ததைச் சொன்னேன். கங்காணியிலிருந்து சொன்னேன்.

“ஆள் மயக்கத்தில தானே கிடந்தவர்?”

“ஓம் சேர்.”

“மயக்கத்தில கிடந்த ஆளுக்கு மரியாதை குடுத்தனீர்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அறிவு குறைஞ்ச ஆளெண்டால் படியும் எண்டு சொல்லலாம். பயந்த ஆளெண்டால் இன்னும் கொஞ்சம் செய்யும் எண்டு சொல்லலாம். உமக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? இது திரும்ப வருமோ?”

“தெரியாது சேர்.”

“எனக்கும் தெரியாது. தெரியாமல் நான் எழுதிக் குடுக்க ஏலாது.”

பயிற்சிக் காலத்தை நீட்டினார்கள். வேறோர் ஆஸ்பத்திரியில், வேறொரு நிபுணரின் கீழ் போட்டார்கள். அவர் நல்ல மனிதர். அவர் முன்னால் நான் ஒருமுறையும் கை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் முன்னால் “மாற்றக்கூடாது” என்று எனக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். சொல்லிக்கொள்ள ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தில் கை நடுங்கும். முதலில் பெரிய வேலைகளில் நடுங்கியது. பிறகு தோலைத் தைக்கும்போதும் நடுங்கியது. நடுக்கம் தெரியாமல் இருக்க மணிக்கட்டை நோயாளியின் மேல் ஊன்றிக்கொள்வேன். அந்த நிபுணரும் எழுதிக் கொடுக்கவில்லை. காரணம் கேட்டு நான் அவர் வாசலுக்குப் போகவில்லை. பயிற்சியிலிருந்து விலகிக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொல்லியாக வேண்டும். அப்பா கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகன் சர்ஜன் என்று சொல்லி வருடக்கணக்காகிவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது அவரே கேட்டார்.

“பரீட்சை எப்பப்பா?”

“இல்லப்பா. விட்டுட்டேன்.”

“ஏன்?”

“கை சரியில்ல.”

அவர் என் இரண்டு கைகளையும் பார்த்தார். வலது கை சோற்றில் இருந்தது. இடது கை மடியில் இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு,” என்றார்.

அம்மா ரசம் ஊற்றினார். அவர் எதையும் எதோடும் இணைத்துப் பார்க்கவில்லை. நானும் இணைத்துக் காட்டவில்லை. காட்டி என்ன ஆகப்போகிறது? அவர் செய்தது அந்த வீட்டில், அந்தத் தெருவில், எந்தத் தாயும் செய்திருக்கக்கூடியது. இரண்டு பேரும் இப்போது இல்லை. கடையில் கடைசிவரை நான் சர்ஜனாகவே இருந்தேன் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது நான் தெல்தெனியப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறேன். பழைய நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போன பிறகு மேட்டில் எழுந்த கட்டடங்களில் ஒன்று அது. இருமல், காய்ச்சல், நீரிழிவு, நாய்க்கடி. மாத்திரை எழுதுகிறேன். சீழ்க்கட்டி வந்தால்கூட இளைய டொக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். நான் கத்தி தொடாததற்கு வயதுதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் தோட்டத்துப் பெண்ணொருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டால் வலி வந்து முதுகுக்கு ஏறுகிறது என்றாள். படுக்க வைத்து, வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். பாதி மூச்சில் நின்றுவிட்டாள். பித்தப்பைக் கல் என்று சொல்ல ஸ்கேன் தேவையில்லை. எங்கே கீற வேண்டும், எதை முதலில் பிரிக்க வேண்டும், நாடி எந்தப் பக்கம் ஓடும் என்று எல்லாம் தெரிந்தது. கண்டி சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எழுதினேன்.

“கண்டிக்கா சார்? அன்னைக்குப் பேரு விழாதுங்க. சம்பளம் போயிரும். இங்கயே செய்ய ஏலாதா?”

“இங்க தியேட்டர் இல்லம்மா.”

“இருந்தா நீங்க செய்வீங்களா?”

“நான் அந்த டொக்டர் இல்லம்மா.”

அவள் துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். போவாளா என்று தெரியவில்லை. கிளினிக்கில் நாள் கிடைக்க மாதங்கள் ஆகும். அதற்குள் வலி அடங்கிவிடும். அடங்கினால் போக மாட்டாள். பிறகு ஒருநாள் கண் மஞ்சளாகி வருவாள். அப்போதும் நான் ஒரு துண்டுதான் எழுதுவேன். வெளியே வரிசை கதவு வரை வந்திருந்தது. அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன்.